பெயர் எழுத வேண்டாம் என்று சொன்னேன்

1. பின்வாசல்

"இன்னா மேடம், பேர் எழுத வாணாம், யார் எழுதனதுன்னு யாருக்கும் தெரியாதுன்னு நீங்கதான சொன்னீங்க? இப்ப நான் எங்க கீறேன் பாருங்க. துண்டு மடிச்சிக்கினு கீறேன்."

தி.நகரில் ஒரு ஐந்து மாடி ஜவுளிக்கடை. அதன் பின்வாசலில், ஊழியர்களின் பைகளைச் சோதிக்கும் மேசைக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தி ஜெயந்தி இப்படிக் கேட்டாள். சைதாப்பேட்டைக்காரி. பதினோரு வருஷமாக அந்தக் கடையின் மூன்றாம் மாடியில் பட்டுப் புடவை விற்றவள். பத்து நாளாகக் கீழ்த்தளத்தில் துண்டும் பெட்ஷீட்டும் மடித்துக்கொண்டிருந்தாள். அதற்குக் காரணம் நான்தான் என்பது அந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது.

நான் எக்ஸிக்யூட்டிவ் கோச். இருபத்தைந்து வருஷம் ஒரு தொழிற்சாலையில் ஹெச்.ஆர். வேலை பார்த்து, ஓய்வு பெற்ற கையோடு இந்தத் தொழிலுக்கு வந்தேன். மயிலாப்பூரில் எங்கள் அபார்ட்மெண்ட்டில் "கோச்சா? எந்த கேம் மாமி?" என்று இன்னமும் கேட்கிறார்கள். மேனேஜர்களோடு வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே வெளியிலிருந்து பார்க்கிற மாதிரி கேள்வி கேட்பதுதான் என் வேலை என்று விளக்குவேன். "அதுக்கா கூப்பிடறா?" என்பார்கள். இப்போது விளக்குவதை விட்டுவிட்டேன். கால் வலிக்கு மாத்திரை போடுகிற வயதில் எல்லாருக்கும் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

இந்தத் தொழிலுக்கு இப்போது நிறைய இளைஞர்கள் வருகிறார்கள். நாலு நாள் சர்டிஃபிகேட் கோர்ஸ் முடித்துவிட்டு, பளபளவென்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு என்னிடம் யோசனை கேட்கிறார்கள். என் வெற்றிக் கதைகளைச் சொல்ல ஆசைதான். ஆனால் அவற்றிலிருந்து அவர்கள் ஒன்றும் கற்றுக்கொள்ளப் போவதில்லை. ஆகவே இதைச் சொல்கிறேன்.

2. மேனேஜர் ரூம்

என்னை வரவழைத்தவர் கடையின் சின்ன முதலாளி கார்த்திக். அப்பா ஓய்வெடுத்துக்கொண்டு பொறுப்பை இவரிடம் விட்டிருந்தார். எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"எங்க மேனேஜர் தங்கபாண்டி நல்ல மனுஷன் மேடம். கடையில ஒரு குண்டூசி காணாம போனாலும் அவருக்குத் தெரியும். ஆனா அவருக்குக் கீழ ஆள் நிக்க மாட்டேங்கறாங்க. ஒரே வருஷத்துல மூணு சூப்பர்வைசர் போயிட்டாங்க. ஆடி சேல் முடியற வரைக்கும் பாக்கறேன். அவர் மாறலைன்னா வெளியிலேருந்து ஒருத்தரைக் கொண்டு வந்துடுவேன். அவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

ஆடி முடிய நாலு மாசம் இருந்தது.

தங்கபாண்டிக்கு நாற்பத்தைந்து வயது. பதினெட்டு வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, அதே கடையில் துணி எடுத்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்து, படிப்படியாக மேனேஜர் ஆனவர். வேறு கடையில் அவர் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. அந்த நாற்காலி போனால் எங்கே போவது என்று அவருக்கே தெரியாது. முதல் நாள் அவர் அறைக்குப் போனபோது டீ வரவழைத்தார்.

"சாப்பிடுங்க மேடம். எனக்கு என்ன கோளாறுன்னு சின்னவரு உங்கள அனுப்பியிருக்காரு?"

"கோளாறுன்னு யாரும் சொல்லலையே சார்."

"கோளாறு இல்லாமலா டாக்டரு வருதாரு?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் கண் சுவரிலிருந்த கேமரா டிவிக்குப் போய்விட்டது. மேசை மேல் இருந்த மைக்கை இழுத்தார். "மூணாம் மாடி, நாப்பத்தி ரெண்டு! கஸ்டமரு நிக்காங்க, அங்க என்ன வேடிக்கை?" என்று ஐந்து மாடிக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். டிவியில் பட்டு செக்ஷனில் ஒரு பெண் விழுந்தடித்துக்கொண்டு திரும்பினாள். புடவை பார்த்துக்கொண்டிருந்த கஸ்டமர்களும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள். அவள்தான் ஜெயந்தி. அந்தக் கடையில் விற்பனை ஆட்கள் எல்லாருக்கும் நம்பர் உண்டு. சட்டையிலும் அதுதான், மைக்கிலும் அதுதான்.

அந்த ஒரு மணி நேரத்தில் பத்தொன்பது தடவை மைக்கை எடுத்தார். நடுவே இன்டர்காம் வேறு. ரவிக்கைத் துணியை மாற்றித் தரலாமா, லிஃப்ட் பக்கத்தில் தண்ணீர் கேன் காலி, மாப்பிள்ளை வீட்டார் உட்கார நாற்காலி போதவில்லை என்று எல்லாம் அவரிடமே வந்தது. "பாத்தீங்களா? நான் பாக்கலன்னா ஒண்ணும் நடக்காது" என்றார். அதில் பெருமை பாதி, அலுப்பு பாதி. அந்த அலுப்பு எனக்குப் பிடித்திருந்தது. அலுத்துப்போன மனிதரோடுதான் வேலை செய்ய முடியும்.

முதல் ஆறு வாரம் நன்றாகவே போயிற்று. புத்தி சொல்வது என் வேலை இல்லை. கேள்விதான். "நேத்து உங்ககிட்ட வந்த கேள்வியை எல்லாம் ஒரு தாள்ல எழுதுங்க. உங்களைத் தவிர வேற யாராலயும் பதில் சொல்ல முடியாதது எதுவோ, அதைச் சுழிச்சுக் காட்டுங்க" என்றேன். இரண்டு பக்கம் எழுதிவிட்டு இரண்டே இரண்டைச் சுழித்தார். தாளைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார். மறுவாரம் துணி மாற்றித் தருவதை சூப்பர்வைசர்களே முடிவு செய்யலாம் என்று சொல்லிவிட்டார். இன்டர்காம் பாதியாகக் குறைந்தது. பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக மத்தியானச் சோற்றைச் சூடாகச் சாப்பிட்டேன் என்றார்.

மைக்கை மட்டும் விட மாட்டேன் என்றுவிட்டார். "அது கையில இருந்தாத்தான் கடை கையில இருக்கும்" என்றார்.

3. ஜெராக்ஸ்

நான் சொல்லிக் கேட்காதவர் அவர் ஆட்களே சொன்னால் கேட்பார் என்று நினைத்தேன். ஃபீட்பேக் ஃபார்ம் கொடுப்பது எங்கள் தொழிலில் வழக்கம். மேனேஜர் எதைத் தொடர வேண்டும், எதை நிறுத்த வேண்டும், எதைப் புதிதாகச் செய்ய வேண்டும் என்று மூன்றே கேள்வி. கம்பெனிகளில் இதை கம்ப்யூட்டரில் அனுப்பிவிடுவோம். இந்தக் கடையில் வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதனால் தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டு போனேன். சாப்பாட்டு ஹாலில் நின்று, நெஞ்சில் கை வைக்காத குறையாகச் சொன்னேன். "பேர் எழுத வேண்டாம். நம்பரும் வேண்டாம். யார் எழுதினதுன்னு யாருக்கும் தெரியாது. அதுக்கு நான் பொறுப்பு."

நாற்பது தாள் திரும்பி வந்தன.

இதில் ஒரு விதி இருக்கிறது. அந்தத் தாள்களை மேனேஜரிடம் காட்டக் கூடாது. எல்லாவற்றையும் நாமே டைப் செய்து, கலைத்துப் போட்டு, சாரத்தை மட்டும் தர வேண்டும். இந்த விதியை நானே பத்துப் பதினைந்து பேருக்கு வகுப்பெடுத்திருக்கிறேன்.

அன்று லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காகப் பாதையை மாற்றிவிட்டிருந்தார்கள். தி.நகரிலிருந்து வீடு வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. இரண்டு முழங்காலும் விண் விண்ணென்று தெறித்தன. அடையாறில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்குத் தர வேண்டிய ரிப்போர்ட் வேறு அரைகுறையாகக் கிடந்தது. நாற்பது தாளையும் டைப் செய்ய உட்கார்ந்தேன், மூன்றாவதோடு நிறுத்திவிட்டேன். பேர்தான் இல்லையே, அப்படியே கொடுத்தால் என்ன என்று தோன்றியது. தெருமுனைக் கடைக்கு அனுப்பி ஜெராக்ஸ் எடுத்து ஸ்டேப்ளர் அடித்துவிட்டேன். எனக்கு விதி தெரியாமல் இல்லை. களைப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் அந்தக் கட்டைத் தங்கபாண்டியிடம் கொடுத்தேன். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். நடுவில் ஒரு தாளை இரண்டு தடவை படித்தார். முகத்தில் ஈயாடவில்லை. பிறகு அதைக் கட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, "யோசிக்கேன் மேடம்" என்றார். "ஆழ்ந்து படிக்கிறார். நல்ல அறிகுறி" என்று என் நோட்டில் எழுதினேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

இரண்டு நாள் கழித்து ஜெயந்தியைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். வழக்கமான மாற்றம் என்று சூப்பர்வைசர் சொன்னாராம்.

4. அவள் எழுதியது

பின்வாசலில் அவளிடம், என்ன எழுதினாய் என்று கேட்பதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. அவளே சொன்னாள்.

"என் பொண்ணு பிளஸ் ஒன் படிக்கிறா மேடம். அவ ஃப்ரெண்டோட அம்மா, அவங்க வூட்டுக் கல்யாணத்துக்குப் பொடவ எடுக்க வந்தாங்க. எங்கம்மா கடையில நல்லா காட்டுவாங்கன்னு இவதான் இட்டாந்தா. நான் ஆசை ஆசையா காட்டிக்கினு கீறேன். மைக்ல, 'நாப்பத்தி ரெண்டு, பேச்சு போதும், வேலையப் பாரு'ன்றாரு. அந்தம்மா என்னப் பாக்குது, எம்பொண்ணு பொடவையப் பாக்குது. ரயில்ல வூட்டுக்குப் போற வரைக்கும் அவ ஒண்ணுமே கேக்கல. அதான் மேடம் பேஜாரா பூச்சு. எதுனா கேட்டிருந்தாக்கூட சமாளிச்சிருப்பேன். அதத்தான் எழுதனேன். மைக்ல நம்பர் சொல்லிக் கூப்பிடாதீங்க, எம்பொண்ணு முன்னாடி அசிங்கமா பூச்சுன்னு."

"தப்பு என்னுதும்மா. அந்தத் தாளை நான் அப்படியே கொடுத்திருக்கக் கூடாது."

"நீங்க தப்புன்னு சொல்லிட்டு மயிலாப்பூர் பூடுவீங்க. நான் இங்கதான கீறேன்."

சின்ன முதலாளியிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். சொன்னால் அன்றைக்கே அவள் மூன்றாம் மாடிக்குப் போய்விடலாம். தங்கபாண்டியும் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதுவும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஐயே, வாணாம் மேடம். அந்தாளு கெட்டவரு இல்ல. எங்கம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்ப அவருதான் லீவு குடுத்து ஆட்டோ வச்சு அனுப்பனாரு. அவரு வேலை போவ வாணாம். என் எடத்த எனக்குக் குடுக்கச் சொல்லுங்க, போதும்."

ஆக, ஒருத்தியின் இடமும் ஒருவரின் நாற்காலியும் என் சோம்பலால் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. ஆடி பிறக்க மூன்று வாரம்கூட இல்லை.

5. நூற்றுப் பதினேழு

அந்த வார செஷனில் நான் கேள்வியோடு ஆரம்பிக்கவில்லை. என் தவறைச் சொன்னேன். ஜெராக்ஸ் கட்டைக் கொடுத்தது விதிக்கு விரோதம், அலுப்பில் செய்தேன் என்றேன். தங்கபாண்டி ஆச்சரியமாகப் பார்த்தார். கோச் தப்பு செய்வார் என்று அவர் நினைக்கவில்லை போலிருக்கிறது.

"பேர் இல்லாம எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"பேரு எதுக்கு மேடம்?" மேசை டிராயரைத் திறந்து ஒரு கற்றை சீட்டை எடுத்துப் போட்டார். கஸ்டமர் ஒரு துணியை எடுத்ததும் விற்பனை ஆட்கள் அதன் விவரத்தைக் கையால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பில் போடுகிற இடத்துக்கு அனுப்புவார்கள். பட்டு, சுங்குடி, வேஷ்டி என்று ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் சேரும். "இருவத்தேழு வருஷமா இவங்க எழுதுத சீட்டத்தான பாக்கேன். நாப்பது பேரு கையெழுத்தும் எனக்குத் தெரியும். ஜெயந்தி 'ப' போட்டா பெட்டி கணக்கா இருக்கும். முத வரியிலயே தெரிஞ்சு போச்சு."

அப்படியானால் ஒருத்தியை மட்டுமல்ல, நாற்பது பேரையும் நான் காட்டிக் கொடுத்திருக்கிறேன். எந்தக் கம்பெனியிலும் மேனேஜருக்குத் தன் ஆட்களின் கையெழுத்து தெரியாது. ஜவுளிக்கடையில் தெரியும். இதை யோசித்திருக்க வேண்டியது என் வேலை.

"அவளைக் கீழ அனுப்பினது தண்டனையா சார்?"

"தண்டனை இல்ல மேடம்." சீட்டுக் கற்றையை அடுக்கி டிராயரில் போட்டு மூடினார். "மூணாம் மாடிக்குப் போகும்போதெல்லாம் அவ மொகத்தப் பாக்க முடியல. அவ எழுதினது மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. கீழ போட்டா கண்ணுல பட மாட்டால்லா."

அப்போது எனக்கு வேறு எதுவும் தோன்றாமல்தான் அதைக் கேட்டேன். பெரிய உத்தி என்று யாரும் நினைக்க வேண்டாம். "நீங்க சேர்ந்தப்போ உங்க நம்பர் என்ன சார்?"

"நூத்திப் பதினேழு." கேட்டு முடிக்குமுன் சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகு அவரே திகைத்துப்போனார். பிறகு மெதுவாக, "அப்ப கடையில நாலு தங்கபாண்டி மேடம். எல்லாம் எங்க ஊர்ப் பக்கத்து ஆளுக. அதனாலதான் பெரியவரு நம்பரே வச்சாரு. எங்கம்மா எஸ்.டி.டி. பூத்துலேருந்து கூப்பிடும். தங்கபாண்டி இருக்கானான்னா எவன்னு தெரியாதுன்னு வச்சுருவாங்க. நூத்திப் பதினேழுன்னு கேக்கணும். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நம்பரு மறந்துருமேன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டே பூத்துக்குப் போகுமாம், நூத்திப் பதினேழு, நூத்திப் பதினேழுன்னு" என்றார்.

டிவியில் கீழ்த்தளத்துக் கேமராவில் ஜெயந்தி துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தொழிலில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். அன்று அதையாவது ஒழுங்காகச் செய்தேன்.

6. கீழ்த்தளம்

மறுநாள் காலை பத்தரை மணிக்கு எனக்குப் போன் வந்தது.

"மேடம், கீழ போய் அவள்ட்ட நாளையிலேருந்து மேல வான்னு சொன்னேன். எதுக்குக் கீழ அனுப்பினீங்க, அத மொதல்ல சொல்லுங்க சாருன்னு கேக்கா! நான் என்ன சொல்ல?"

"என்ன சொல்லணும்னு உங்களுக்குத் தெரியுமே."

"அதயா சொல்லச் சொல்லுதீங்க? எல்லாரும் நிக்காங்க மேடம்."

"மைக்ல சொன்னப்பவும் எல்லாரும் நின்னாங்களே சார்."

போனை வைத்துவிட்டார். இந்த மனிதரை இழந்துவிட்டோம் என்றே நினைத்தேன். இரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. மூன்றாம் நாள் அவர் கீழ்த்தளத்துக்குப் போய், துண்டுக் கட்டுகளுக்கு நடுவே நின்று, நாலைந்து பேர் காது படவே சொன்னாராம். "நீ எழுதினது எனக்குச் சுட்டுச்சும்மா. அதான் அனுப்பினேன். செஞ்சது தப்பு. மேல வா." ஜெயந்தி மடித்துக்கொண்டிருந்த துண்டை மடித்து முடித்துவிட்டு மேலே போனாளாம். அழவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. "அதுக்கு இன்னாத்துக்கு தேங்ஸ்? என் எடம்தான" என்றாள் என்னிடம்.

ஆடி பிறந்தது. ரங்கநாதன் தெருவிலிருந்து கூட்டம் நெட்டித் தள்ளிக்கொண்டு வந்தது. அந்த நெரிசலில் குழந்தை காணவில்லை என்று யாராவது அழுதுகொண்டு வந்தால் மட்டும் மைக் பேசியது. மற்ற நேரங்களில் தங்கபாண்டி மாடி மாடியாக ஏறி இறங்கினார். கத்தலும் கூடவே ஏறி இறங்கியது. ஆனால் பெயர் சொல்லிக் கத்தினார். நாலு ஜெயந்தி இருந்தால் செக்ஷன் பெயரையும் சேர்த்துக்கொண்டார்.

7. இரண்டாவது கட்டு

ஆடி முடிந்ததும் மறுபடியும் ஃபார்ம் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். எனக்குக் கூச்சமாக இருந்தது. சாப்பாட்டு ஹாலில் போய் நின்று, போன தடவை என்ன நடந்தது, யார் தவறு என்று சொன்னேன். எழுத விருப்பமில்லை என்றால் எழுத வேண்டாம் என்றேன். நாற்பதில் இருபத்தாறுதான் திரும்பி வந்தது. பதினாலு பேர் என்னை நம்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அந்த இருபத்தாறில் ஒன்றில் மட்டும் அடியில் பெயர் இருந்தது. நம்பர் இல்லை. பெட்டி மாதிரி சதுரமான 'ப'. "மைக் நின்னுச்சு. நல்லது. ஆனா இன்னும் கத்துறீங்க சார். கொறச்சிக்கோங்க. இப்படிக்கு ஜெயந்தி, பட்டு செக்ஷன்."

மூன்றாம் மாடிக்குப் போய், "பேரை எடுத்துடட்டுமா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு எடுக்கிறீங்க? தெரியட்டும்னுதான போட்டேன்" என்றாள், கஸ்டமர் முன்னால் புடவையை விரித்துக்கொண்டே.

கார்த்திக்கிடம் என் தவறு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். என்னை இனிமேல் கூப்பிட மாட்டார் என்று தெரிந்தேதான் சொன்னேன். அவர் ஜெயந்தியின் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க அப்பா காலத்துலேருந்து மேனேஜரைப் பத்தி ஒருத்தரும் பேர் போட்டு எழுதினதில்லை மேடம்" என்றார். பிறகு, "தங்கபாண்டி அண்ணனே இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். என்னை மறுபடி கூப்பிடவும் இல்லை.

தங்கபாண்டி முழுக்க மாறிவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். நாற்பத்தைந்து வயது மனிதர் நாலு மாசத்தில் எவ்வளவு மாற முடியுமோ அவ்வளவு மாறினார். கோச்சிங்கால் ஆவது அவ்வளவுதான். அதிகம் எதிர்பார்ப்பவர்கள் வேறு தொழில் பார்க்கலாம்.

புதிதாக வருகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது ஒரே ஒரு விஷயம். நாம் கேள்வி கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். பதில் எழுதியவர்கள் அங்கேயே நிற்கிறார்கள். களைப்பாக இருக்கிற நாளில் ஃபார்மைத் தொடாதீர்கள். கால் வலித்தால் மறுநாள் செய்யுங்கள்.

இரண்டாவது கட்டை நான் மூன்று மத்தியானம் உட்கார்ந்து டைப் செய்தேன், ஒரு வரி விடாமல். ஜெயந்தியின் தாளை மட்டும் டைப் செய்யவில்லை. அப்படியே தங்கபாண்டியிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, நாலாக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மூன்றாம் மாடிக்குப் படியேறினார்.